இஸ்பிரீத்து சாந்துவுக்கு ஒரு சொண்டு

பெண்பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற எவளும் பேனுக்குப் பயந்தால் வேலைக்குப் போகமுடியாது. முன் வாங்கில் இருப்பவள் தலையைச் சொறிகிற விதத்தைப் பார்த்தே பின் வாங்கில் இருப்பவளின் தலை எப்படியென்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட எனக்கே என் கணவரின் புறாக்களில் ஊர்ந்த பேனைக் கண்டபோது உடம்பு கூசியது. பிறகு கோபம் வந்தது. பிறகு, சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, தலைகால் தெரியாத சந்தோசம் வந்தது. அந்தச் சந்தோசத்தைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

அறுபத்திரண்டாம் ஆண்டு. கரம்பொனில் எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் கோவில். என் கணவர் யாகப்பு நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் ஆட்களை ஏற்றி மோட்டர் வள்ளம் ஓட்டுபவர். ஆனால் ஊரில் அவருக்கிருந்த மரியாதை வள்ளத்தால் வந்ததல்ல, புறாக்களால் வந்தது. பரிசுத்த ஆவி புறா வடிவில் இறங்கினார் அல்லவா? அவரை எங்கள் ஆட்கள் போர்த்துக்கேயர் விட்டுப்போன பெயரால் இஸ்பிரீத்து சாந்து என்பார்கள். அவருடைய திருநாளில் பூசை முடிந்ததும் கோவில் வாசலில் வெள்ளைப் புறாக்களைப் பறக்கவிடுவது வழக்கம். அந்தப் புறாக்களை வளர்ப்பதும் கூடையைத் திறப்பதும் யாகப்பு வீட்டாரின் உரிமை. கொடியேற்ற ஒரு குடும்பம், சுரூபம் தூக்க ஒரு குடும்பம், புறா விட நாங்கள். எனக்குக் கலியாணம் பேசி வந்தபோது மாப்பிள்ளைக்கு என்ன இருக்கிறது என்று என் ஐயா கேட்டாராம். புறா உரிமை இருக்கிறது என்றுதான் பேசி வந்தவர் முதலில் சொன்னாராம். வள்ளத்தின் பேச்சு பிறகுதான் வந்தது. ஐயாவும் மெச்சித் தலையாட்டிவிட்டார். ஆக, நான் புறாக்களுக்குத்தான் கழுத்தை நீட்டினேன்.

முந்திய வருடத் திருநாளில் அந்த உரிமைக்கு ஆபத்து வந்தது. மணி அடித்தது, யாகப்பு கூடையைத் திறந்தார், புறாக்கள் பறக்கவில்லை. ஒன்று வாசற்படியில் இறங்கி மெல்ல நடந்தது. சில பந்தல் வரைக்கும் போய்க் களைத்துக் குந்திவிட்டன. ஒன்று ஓரளவு எழும்பித் திரும்ப விழுந்தது. அது விழுந்த இடம் மூப்பர் பிலிப்புவின் தோள். பிலிப்பு கோவில் காரியங்களையெல்லாம் தலையில் போட்டுக்கொண்டு திரிபவர். அன்றைக்குப் புதுச் சால்வை போட்டிருந்தார். புறா அந்தச் சால்வையில் என்ன செய்தது என்பதை நான் எழுதத் தேவையில்லை. சிறுபிள்ளைகள் சிரித்தார்கள். பிலிப்பு சிரிக்கவில்லை. அந்த வருடம் கடலில் மீன் படாமல் போனதற்கும் எங்கள் புறாக்களே காரணம் என்று கரையில் கதை கட்டியாகிவிட்டது.

இந்த வருடம் உயிர்த்த ஞாயிறு முடிந்த கையோடு சுவாமியார் வீட்டில் கூட்டம் வைத்தார்கள். அல்லைப்பிட்டியில் பிலிப்புவின் மச்சானிடமும் வெள்ளைப் புறாக்கள் இருந்தன. திருநாளன்று வாசலில் இரண்டு கூடைகள் வைப்பதென்று முடிவாயிற்று. யாகப்புவின் புறாக்கள் கோவில் முகட்டைத் தாண்டி எழும்பாவிட்டால் இரண்டாவது கூடை திறக்கப்படும். அதோடு உரிமையும் கை மாறும். சுவாமியார் நல்ல மனிதர், ஆனால் பிலிப்புவின் குரலுக்கு முன்னால் அவருடைய குரல் எடுபடாது.

யாகப்பு வீட்டுக்கு வந்து சோறு வேண்டாமென்று சொல்லிவிட்டுப் புறாக்கூட்டின் கீழே போய் இருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"என்ர அப்பு விட்ட புறா நயினாதீவு வரைக்கும் தெரிஞ்சதெண்டு சொல்லுவினம், சவுந்தரி," என்றார். "என்ர கையிலை வந்து அது பந்தலைத் தாண்டேல்லை."

அவர் அழவில்லை. அழுதிருந்தால் நான் இரண்டு வார்த்தை ஏசித் தேற்றியிருப்பேன். ஒரு புறாவைப் பிடித்து அதன் நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த அந்த நிமிடத்தில்தான் இந்தப் பேனை ஒழிக்காமல் விடுவதில்லை என்று நான் மனதுக்குள் கச்சை கட்டினேன்.

பேன்தான் காரணம் என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. புறாவின் இறகை விரித்து வெயிலில் பிடித்தால் அரிதட்டுப்போல ஓட்டை ஓட்டையாகத் தெரியும். நெஞ்சுப் பஞ்சையெல்லாம் அரித்துத் தின்றிருந்தன. புறாக்கள் இரவெல்லாம் குளிரில் கொடுகிக்கொண்டும் பகலெல்லாம் சொறிந்துகொண்டும் இருந்து மெலிந்துபோயின. இந்தக் கூத்து இரண்டு வருடத்துக்கு முன்புதான் தொடங்கியது. அதற்கு முதல் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பேன் இருந்திருக்கும், யாரும் கவனித்ததில்லை.

கவனிப்புக்கு ஒரு குறையும் இல்லை என்பதுதான் எனக்கு விளங்காத புதிர். யாகப்புவின் தமக்கை பிலோமினம்மா, என் மச்சாள், கோவிலுக்குப் பீடச்சீலை தைப்பவர், சுரூபங்களுக்கு உடுப்புப் போடுபவர். ஊசியில் நூல் கோர்க்கக் கண்ணாடி தேவைப்படாத கண். கலியாணம் செய்யாமல் கோவிலே வீடென்று இருந்தவர். ஒவ்வொரு மாதமும் முதல் வெள்ளிக்கு முதல்நாள் பின்னேரம் வந்து புறாக்களைக் குளிப்பாட்டி, காலைக் கழுவி, நகம் வெட்டி, சொண்டை, அதுதான் அலகை, தீட்டி, வெயிலில் காயவைத்து விட்டுப் போவார். இரண்டு வருடமாக இதைத் தவறாமல் செய்து வந்தார். பீடத்துக்கு மேலே புதுப் படம் கீறுவித்த நாளிலிருந்து என்று சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒருவர் நீல வானமும் பொன் கதிர்களும் நடுவில் ஒரு வெள்ளைப் புறாவுமாக அழகாகக் கீறியிருந்தார். திருநாளன்று பறக்கும் புறாக்களும் அந்தப் படத்துப் புறா மாதிரியே இருக்கவேண்டும் என்பது மச்சாளின் பிடிவாதம்.

நான் வைத்தியத்தில் இறங்கினேன். முதலில் சாம்பல் தூவினேன், பேன் தும்மக்கூட இல்லை. வேப்பிலையைக் கூட்டில் பரப்பினேன். யாகப்புவின் வள்ளத்தில் வந்த நெடுந்தீவுக்காரர் ஒருவர் எருக்கலை இலை போடச் சொன்னார். வேலணையில் புகையிலை செய்யும் அப்புத்துரை புகையிலைத் தண்ணீரில் புறாவை முக்கி எடுக்கச் சொன்னார். அதையும் செய்தேன். பேனைவிடப் புறாதான் முதலில் மயங்கியது. வெறிகாரனைப்போல ஆடி ஆடி நடந்து ஒரு பக்கம் சரிந்த அந்தப் பறவையை மடியில் வைத்துக்கொண்டு பின்னேரம் முழுவதும் இருந்தேன். அது கண்ணைத் திறந்ததும் அப்புத்துரையை நல்லாக ஏசினேன். அவர் வேலணையில் இருந்ததால் தப்பினார்.

மிச்சமிருந்த எருக்கலை, வேம்பு, புகையிலைக் காம்பு எல்லாவற்றையும் வேலியோரம் குவித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். திரும்பி வந்து பார்க்கிறேன், எங்கள் மறியாடு கயிற்றை அறுத்துக்கொண்டு அந்தக் குவியலில் வாயை வைத்துக்கொண்டு நிற்கிறது. எருக்கலைப் பால் எவ்வளவு பொல்லாதது என்று எல்லோருக்கும் தெரியும். புறாவைக் கொல்லப் பார்த்தது காணாதென்று ஆட்டையும் கொன்றுவிட்டேன் என்று ஓடினேன். ஆடு என்னைப் பொருட்படுத்தவே இல்லை. ஒரு எருக்கலை இலையைக் கடித்தது, மென்றது, மிச்சத்தை விட்டுவிட்டு வேலிக் கிளுவையில் நாலு வாய் தின்றது. வேப்பங்கொத்தில் ஒரு கடி. புகையிலைக் காம்பை மணந்து பார்த்துத் தும்மிவிட்டு நகர்ந்தது. பூவரசின் கீழே உதிர்ந்த இலைகளில் வயிற்றை நிரப்பிக்கொண்டு, பிறகு திரும்பி வந்து இன்னும் ஒரு எருக்கலை இலை. நான் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஆட்டுக்குப் பின்னாலேயே பொழுதுபடும்வரை திரிந்தேன். அது விழவும் இல்லை, நுரை தள்ளவும் இல்லை. கடைசியில் என்னைப் பார்த்து ஏப்பம் விட்டது.

அன்றைக்கு எனக்கு ஒன்று உறைத்தது. ஆட்டுக்கு யாரும் வைத்தியம் பார்க்கவில்லை. நஞ்சைச் சமாளிக்கும் வித்தை அதன் வாயிலும் வயிற்றிலுமே இருக்கிறது. எதிலும் கொஞ்சம் தின்பது, ஒன்றின் கடுமையை இன்னொன்றால் ஆற்றுவது, போதும் என்று நாக்குச் சொன்னவுடன் நிறுத்துவது. நஞ்சுச் செடிகளுக்கு நடுவே காலங்காலமாக மேய்ந்து மேய்ந்து வந்த கெட்டித்தனம் அது. அப்படியென்றால் காலங்காலமாகப் பேனோடு வாழ்ந்த புறாவிடமும் ஏதோ ஒரு கெட்டித்தனம் இருந்திருக்கத்தானே வேண்டும்? எங்கள் புறாக்களிடம் இருந்து அது எங்கே போனது? அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கவலையால் அல்ல, அவசரத்தால்.

ஊரில் வேறொரு விளக்கம் இருந்தது. எங்கள் கூட்டில் ஒரு சாம்பல் நிறப் புறா இருந்தது. ஊர்காவற்றுறைக்கு முன்னால் கடலுக்குள் நிற்கும் கோட்டையில் இருந்து வந்த காட்டுப்பயல். எங்கள் வெள்ளைப் பேடு ஒன்றில் மயங்கி, அழையாமலே வந்து கூட்டோடு மாப்பிள்ளையாகிவிட்டது. பேனும் அந்தக் கோட்டைக்காரன் கொண்டு வந்த சீதனம்தான் என்று மச்சாள் அடித்துச் சொன்னார். அதைத் தொடக்கூட மாட்டார். குளிப்பாட்டு, நகம் வெட்டு எதுவும் அதற்குக் கிடையாது, இஸ்பிரீத்து சாந்துவின் கூட்டத்தில் சாம்பல் நிறத்துக்கு என்ன வேலை என்பார். கறி வைக்கச் சொன்னார். யாகப்புவுக்கு மனம் வரவில்லை. ஒருநாள் விடிய அதைக் கடகத்தில் போட்டுக் கட்டி, வள்ளத்தில் ஏற்றி நெடுந்தீவுக்குக் கொண்டுபோனார்.

பின்னேரம் முகம் வாடித் திரும்பி வந்தார். குதிரைகள் மேய்கிற வெளியில் விட்டுவிட்டதாகவும், அது ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போய்விட்டதாகவும் சொன்னார்.

"ஓம், போனதுதான்," என்றேன். "உங்களுக்கு முன்னமே இஞ்சை வந்திட்டுது. மத்தியானத் தீனும் திண்டிட்டுது."

அவர் அண்ணாந்து பார்த்தார். சாம்பல் மாப்பிள்ளை கூட்டின் மேலே பெண்சாதிக்குப் பக்கத்தில் இருந்து இறகு கோதிக்கொண்டிருந்தது. நெடுந்தீவிலிருந்து கரம்பொனுக்கு, கடலுக்கு மேலால், வள்ளத்தை முந்திக்கொண்டு. அதே கூட்டில் எங்கள் வெள்ளைகளுக்குப் பந்தல் வரை போக ஏலவில்லை. நாங்கள் இரண்டுபேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஒரே கூடு, ஒரே தீன், ஒரே தண்ணீர். பேனைக் கொண்டுவந்தவன் என்று பெயர் எடுத்தவன்தான் இவ்வளவு பலமாக இருக்கிறான்.

நான் ஏணியில் ஏறி அதைப் பிடித்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்திருந்த பூதக்கண்ணாடியால் செட்டையை விரித்துப் பார்த்தேன். ஒரு ஓட்டை இல்லை. ஊர்ந்துதிரிந்த பேனும் தேடித்தான் பிடிக்கவேண்டியிருந்தது. அதன் பெண்சாதியைப் பிடித்துப் பார்த்தால் திருவிழாக் கூட்டம் மாதிரி நெரிகிறது. ஒன்றாகப் படுத்து எழும்புகிற இருவருக்கு இது எப்படி? தலையிலிருந்து கால்வரை ஒப்பிட்டேன். கண்ணும் காலும் எண்ணெய்ச் சுரப்பியும் ஒரே மாதிரித்தான் இருந்தன. என் கை இறுகியதோ என்னவோ, சாம்பல் புறா என் பெருவிரலில் கொத்தி, தோலைப் பிடித்துத் திருகியது. சுரீரென்று கண்ணில் தண்ணீர் வந்தது. வெள்ளைப் பேடும் தன் பங்குக்குக் கொத்தியது. அதன் சொண்டு தோலில் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போனது.

நான் அப்படியே நின்றேன். பிறகு விரலைத் திரும்ப நீட்டினேன். சாம்பல் கடித்தது. வெள்ளை வழுக்கியது. இரண்டு சொண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சாம்பல் புறாவின் மேல்சொண்டு நுனியில் கீழ்ச்சொண்டைத் தாண்டிக் கொஞ்சம், நெல்லின் மூக்களவு, வளைந்து இறங்கியிருந்தது. வெள்ளையின் சொண்டு படத்தில் உள்ளதுபோல நேராக இருந்தது. தூண்டில் தீட்டுகிற சின்ன அரத்தால் மாதம்தோறும் மச்சாள் தேய்த்துத் தேய்த்து நேராக்கிய சொண்டு. நாங்கள் எல்லோரும் சுற்றி நின்று, எவ்வளவு வடிவு என்று மெச்சிய சொண்டு.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஏணியிலிருந்து எப்படி இறங்கினேனோ தெரியாது. இரண்டு கையிலும் இரண்டு புறாவோடு முற்றத்தில் நின்று சிரிக்கிறேன். யாகப்பு எனக்குத்தான் ஏதோ பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார். புறா கோதுகிறபோது அலங்காரம் செய்யவில்லை, வேட்டையாடுகிறது என்று சொன்னேன். மேல்சொண்டின் அந்த வளைவில் பேனைச் சிக்கவைத்து, கீழ்ச்சொண்டால் அழுத்தி நசுக்குகிறது. அந்த நுனி இல்லாவிட்டால் எவ்வளவு கோதினாலும் பேனுக்கு அது தடவிக்கொடுப்பதுதான். ஆட்டின் கெட்டித்தனம் அதன் வாயில் இருந்தது, புறாவின் கெட்டித்தனமும் வாயில்தான் இருந்தது, அதைத்தான் நாங்கள் மாதாமாதம் பக்தியோடு அராவி எறிந்திருக்கிறோம்.

யாகப்பு புறாவின் சொண்டைத் தன் விரலால் தொட்டுப் பார்த்தார். அவருடைய முகத்தில் முதலில் வெளிச்சம் வந்தது, உடனேயே அணைந்தும் போனது.

"அக்காவுக்கு ஆர் சொல்லுறது?" என்றார்.

கடலில் எந்தக் காற்றுக்கும் பயப்படாத மனிதர். தமக்கைக்கு முன்னால் பூனைக்குட்டி. நானே போனேன். மச்சாள் பீடச்சீலைக்குப் பின்னல் தைத்துக்கொண்டிருந்தார். நான் எனக்கிருந்த அவசரத்தில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன், அதுதான் நான் செய்த பிழை. அவர் ஊசியை நிறுத்தவில்லை. நான் முடித்த பிறகு, இரண்டு வருடமாகத் தான் செய்த தொண்டு இப்போது பேன் வளர்ப்பாகிவிட்டதோ என்று கேட்டார். சாம்பல் புறாவுக்குப் பேன் இல்லாதது அதன் திமிரால் என்றார். பருந்துச் சொண்டோடு ஒரு பறவையை இஸ்பிரீத்து சாந்துவென்று சனங்களுக்குக் காட்டத் தன்னால் ஏலாது என்றார். எனக்கு மூக்குநுனிக்குக் கோபம் வந்தது. உள்ளூர ஒன்று தெரிந்திருந்ததால் அடக்கிக்கொண்டேன். பிலோமினம்மா சொன்னால் கேட்கிறவர் அல்ல, கண்ணால் கண்டால் மறுக்கிறவரும் அல்ல.

அவரிடமே பழைய பீடச்சீலைத் துண்டுகள் இரண்டு இரவல் வாங்கினேன். எதற்கென்று கேட்டார், பள்ளிக்கூடத் தேவை என்று மழுப்பினேன். வீட்டில் இரண்டு கடகங்களைக் கவிழ்த்து, ஒன்றுக்குள் சாம்பல் புறாவையும் மற்றதுக்குள் வெள்ளையையும் விட்டு, கீழே அந்த வெள்ளைச் சீலைகளை விரித்தேன். சாம்பல் புறாவிடம் பேன் அருந்தலாக இருந்ததால், வெள்ளைகளில் இருந்து பொறுக்கி அதன் இறகுக்குள் தாராளமாக விட்டேன். என் வாழ்க்கையில் பேன் எடுத்திருக்கிறேன், பேன் விட்டது அதுதான் முதல்தடவை. அடுத்தநாள் சனிக்கிழமை. காலையில் மச்சாளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

வெள்ளைப் புறாவின் சீலையில் கொஞ்சம் பஞ்சும் எச்சமும் கிடந்தன. கிடந்த ஒன்றிரண்டு பேனும் சுகமாக ஊர்ந்து திரிந்தன. சாம்பல் புறாவின் சீலையில் மிளகுத்தூள் தூவியதுபோலச் சிதறிக் கிடந்தது. நான் பூதக்கண்ணாடியை நீட்டினேன். மச்சாள் அதை வாங்கவில்லை. குனிந்து, சீலையைத் தூக்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். 

"கால் இல்லை," என்றார்.

"என்ன மச்சாள்?"

"இதுக்குக் கால் இல்லை. இது நடுவாலை நசிஞ்சு கிடக்கு. இதுக்குத் தலை இல்லை." பிறகு மெதுவாகச் சொன்னார்: "நுனி உடைஞ்ச கத்தரிக்கோலை அதுகளின்ர கையிலை குடுத்துவிட்டிருக்கிறன்."

நான் துள்ளிக் குதிக்கவேண்டிய இடம் அது. அவருடைய முகத்தைப் பார்த்ததும் துள்ளல் தொண்டையோடு நின்றுவிட்டது. அந்தப் புறாக்களை அவர் பிள்ளைகளைப்போலத்தான் குளிப்பாட்டினார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளவேண்டும்போல இருந்தது. ஆனால் மச்சாள் கட்டிக்கொள்ளக்கூடிய ஆள் அல்ல.

"அப்ப படத்திலை இருக்கிற சொண்டு?" என்று கேட்டார்.

"அது படம் மச்சாள். படத்துக்குப் பேன் பிடிக்காது."

இதைச் சொல்லியிருக்கக்கூடாது. அவர் சீலைத் துண்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார். பிறகு கோவிலில் கண்டபோதும் முகம் கொடுக்கவில்லை. முதல் வெள்ளிக்கு முதல்நாள் வந்தது. அன்றைக்கு அரத்தோடு வந்து அவர் திரும்பவும் தேய்த்தால் எல்லாம் முடிந்தது, திருநாளுக்கு முன் சொண்டு வளர நேரமிராது. தமக்கையை மறித்து ஒரு சொல் சொல்ல யாகப்புவாலும் முடியாது. நானும் அவரும் குசினி யன்னலால் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றோம். மச்சாள் வந்தார். புறாக்களைக் குளிப்பாட்டினார், காலைக் கழுவினார், நகம் வெட்டினார். மடியிலிருந்து அரத்தை எடுத்தார். ஒரு புறாவின் சொண்டை நிமிர்த்தி வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தார். பிறகு அரத்தைக் கிணற்றுக்குள் எறிந்தார். எறிந்த சத்தத்தில் யாகப்பு என் கையை நசுக்கிவிட்டார்.

அதன்பிறகு நான் பள்ளிக்கூடம் விட்டு நடந்து வந்தேன் என்று சொல்லமுடியாது, ஓடி வந்தேன். வந்ததும் ஏணி. சொண்டின் நுனி, பிள்ளைக்குப் பல் முளைக்கிறதைப் பார்க்கிற மாதிரி, நாளுக்கு நாள் இறங்கி வளைந்தது. வளைய வளையப் புறாக்களுக்குப் புத்தி வந்ததுபோல இருந்தது. முன்பெல்லாம் எரிச்சலோடு சொறிந்துகொண்டிருந்தவை இப்போது பொறுமையாக இறகிறகாகக் கோதத் தொடங்கின. கூட்டின் கீழே விரித்த கடதாசியில் தினமும் காலில்லாத, தலையில்லாத பிணங்கள் விழுந்தன. நான் அவற்றைக் கொண்டுபோய் வகுப்பில் காட்டினேன். பிள்ளைகள் அருவருக்கவே இல்லை, கண்ணாடிக்காகச் சண்டைபிடித்தார்கள். புறாக்களின் நெஞ்சில் வெறுமையாய்க் கிடந்த இடங்களில் புதுப் பஞ்சு கண்டது. தீனைக் கண்டால் ஒன்றையொன்று தள்ளின. ஒருநாள் காலை ஒன்று தானாகவே எழும்பி முருங்கையைத் தாண்டிப் போய்வந்தது. யாகப்பு வள்ளத்துக்குப் போகாமல் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். நெடுந்தீவுக்குப் போகிற சனம் இறங்குதுறையில் நின்று அவரை ஏசியிருக்கும்.

திருநாளும் வந்தது. கோவில் நிறைந்து வழிந்தது. கரையில் இருந்த எல்லா வள்ளத்துக்காரரும் வந்திருந்தார்கள், சிலர் பூசைக்கு, பலர் புறாவுக்கு. பூசை முடிய வாசலில் இரண்டு கூடைகள் வைத்தார்கள். பிலிப்பு இரண்டாவது கூடைக்குப் பக்கத்தில் நின்றார். அந்த வருடம் அவர் சால்வை போடவில்லை. அவருடைய கை கூடையின் முடிச்சிலேயே இருந்தது. நான் பெண்கள் பக்கத்தில் நின்றேன். எனக்கு ஒரு பயம் மனதை அரித்தது. என் கண்டுபிடிப்பு சரிதான், அதில் ஐயமில்லை. ஆனால் மெலிந்த பறவைக்குப் பலம் திரும்ப இவ்வளவு நாள் போதுமோ? போதாவிட்டால் நான் சரியாக இருந்தும் யாகப்பு தோற்றுப்போவார். என் கெட்டித்தனத்தை வைத்து அவர் என்ன செய்வது?

மணி அடித்தது. யாகப்பு மூடியைத் திறந்தார்.

ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிலிப்பு முடிச்சை அவிழ்ப்பதை நான் கண்டேன். பிறகு, அப்பா, அந்தச் சத்தம். ஈரச் சேலையை உதறுவதுபோலப் படபடவென்று எல்லாம் ஒன்றாக எழும்பின. பந்தல் கீழே போனது. முகடு கீழே போனது. மணிக்கூட்டுக் கோபுரத்துச் சிலுவையை வெள்ளையாக ஒரு சுற்று, பெரிதாக இன்னொரு சுற்று, பிறகு கடலை நோக்கி. சனம் அண்ணாந்தபடி வாசலை விட்டுத் தெருவுக்கு ஓடியது. நானும் ஓடினேன், ஒரு பக்கச் செருப்பு அங்கேயே கிடந்தது. எங்கள் வேலிப் பக்கமிருந்து ஒரு சாம்பல் புள்ளி அம்புபோல வந்து வெள்ளைகளுக்கு நடுவில் புகுந்துகொண்டது. அழைப்பில்லாத மாப்பிள்ளை. கரையிலிருந்து வந்த ஆட்கள் எல்லோரும் சிரித்தார்கள், சுவாமியாரும் சிரித்தார். பிலிப்பு முடிச்சைத் திரும்பக் கட்டினார். கட்டி முடித்ததும் யாகப்புவிடம் வந்து, இவ்வளவு உயரம் தன் காலத்தில் தான் கண்டதில்லை என்று வாய்விட்டுச் சொன்னார். அவரிடம் அந்த நல்ல குணமும் இருந்தது என்பதை எழுதத்தான் வேண்டும்.

யாகப்பு என்னைத் தேடினார். இத்தனை சனத்துக்கு நடுவே, பெண்கள் பக்கம் என்றும் பாராமல் நேராக வந்து நின்றார்.  "பாத்தனீரோ?" என்று மட்டும் கேட்டார். பார்த்தேன் என்றேன். நான் பார்த்துக்கொண்டிருந்தது அவருடைய முகத்தை.

சனம் கலைந்த பிறகு மச்சாளைத் தேடிக் கோவிலுக்குள் போனேன். அவர் பீடத்து மெழுகுதிரிகளை அணைத்துக்கொண்டிருந்தார். பறந்ததைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். சாம்பல் புறாவையும் கண்டதாகவும், இனி அதையும் குளிப்பாட்டத்தான் வேண்டும் என்றும் சொன்னார். எனக்கு முகம் கொடுத்து அவர் பேசி எத்தனையோ நாள்.  நான் அண்ணாந்து பீடத்துப் படத்தைப் பார்த்தேன்.

நீல வானம், பொன் கதிர்கள், வெள்ளைப் புறா. அதன் நேரான சொண்டின் நுனியில், வள்ளத்துக்குப் பூசுகிற வர்ணத்தால், ஊசித்தையல்போல நுணுக்கமாக ஒரு சின்ன வளைவு இறங்கியிருந்தது. அந்த உயரத்துக்கு ஏணி வைத்துத்தான் ஏறியிருக்கவேண்டும். மச்சாளுக்கு முழங்கால் வருத்தம், எங்கள் வீட்டுப் படியிலேயே பிடித்துப் பிடித்துத்தான் ஏறுவார்.

நான் திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் கடைசித் திரியை அணைத்துவிட்டு, விரலில் ஒட்டிய மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"கீறினவன் பிழை விட்டிட்டான்," என்றார். "நான் திருத்திப்போட்டன்."